மாலத்தீவு செல்வோர் விசா பற்றியும் கடல் பற்றியும் அறிய வேண்டியவை

மாலத்தீவுக்குச் சுற்றுலா செல்வோர் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய எல்லா நாட்டவருக்கும் வெலானா விமான நிலையத்தில் இறங்கியவுடன் 30 நாள் அனுமதி கட்டணமின்றி வழங்கப்படுகிறது. ஆனால், திரும்பும் பயணச்சீட்டையும் உறுதி செய்யப்பட்ட தங்குமிட முன்பதிவையும் கையில் வைத்திருப்பதுடன், பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் மாலத்தீவு குடிவரவுத் துறையின் 'இமூகா' இணையதளத்தில் பயணியர் அறிவிப்பைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை என்பதால், பணம் கேட்கும் போலித் தளங்களை நம்பாதீர்கள்.

மது, பன்றி இறைச்சி, மின்சிகரெட், வழிபாட்டுக்கான சிலைகள் ஆகியவற்றைக் கொண்டுவரத் தடை உண்டு. நம்மவர்கள் பெட்டியில் வைக்கும் சிறு பிள்ளையார் சிலையும் இதில் அடங்கும் என்பதால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

என் கருத்தில், உண்மையான ஆபத்து கடலில்தான் உள்ளது. பவளப்பாறைத் திட்டுகளின் இடைவெளிகளில் நீரோட்டம் வலுவாக இழுக்கும். அதில் சிக்கினால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நகர்ந்து வெளியேற வேண்டும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும் என்பதால், விசைப்படகில் உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி அணியுங்கள். காவல்துறைக்கு 119, ஆம்புலன்ஸுக்கு 102.