டாரன்டோ போறீங்களா? மியூசியம் முதல்ல, கோட்டை அப்புறம்

தெற்கு இத்தாலில பூலியா பக்கம் போறவங்க நிறைய பேரு பாரி, லெச்சேனு சுத்திட்டு டாரன்டோவ விட்டுட்டு வந்துடறாங்க, ஸ்டீல் ஃபேக்டரி ஊருதானே அங்க என்ன இருக்குனு. எனக்கு அத கேட்டாலே மனசு கஷ்டமா இருக்கும். ஸ்பார்ட்டாலேருந்து வந்தவங்க கி.மு. 706ல உண்டாக்குன ஊருனு சொல்றாங்க, ஒரு காலத்துல தெற்கு இத்தாலியோட பெரிய கிரேக்க நகரம் இதுதான். ஒரே ஒரு நாள் ஒதுக்குங்க, போதும்.

பாரிலேருந்து ட்ரெயின் இருக்கு, காலைல சீக்கிரம் கிளம்பிடுங்க. ஸ்டேஷன்லேருந்து நடந்தா பாலம் தாண்டி பழைய ஊரு வரும், அது ஒரு தீவு, அதோட அந்தக் கோடில கோட்டை, கோட்டைய ஒட்டி ஒரு பாலம், அத தாண்டினா புது ஊரு, மியூசியம் அங்கதான். அதாவது கோட்டைதான் முதல்ல கண்ணுல படும். படட்டும், நிக்காம போயிடுங்க. மியூசியத்த பாக்காம கோட்டைக்குள்ள போனா கைடு காட்டுறதெல்லாம் வெறும் கல்லாத்தான் தெரியும்.

மியூசியத்துக்கு மார்டானு பேரு, 1887ல ஆரம்பிச்சது, பழைய மடம் ஒண்ணுக்குள்ள இருக்கு. திங்கக்கிழமை ப்ளான் பண்ணாதீங்க, இத்தாலில அரசாங்க மியூசியம் பெரும்பாலும் அன்னிக்கு லீவு. மாசத்தோட முதல் ஞாயிறு ஃப்ரீ, ஆனா கூட்டம் இருக்கும், நிதானமா பாக்கணும்னா காசு குடுத்தே போங்க. உள்ள போனதும் மேல் மாடிக்கு ஏறிடுங்க, கால வரிசை அங்கேருந்துதான் கீழ இறங்குது.

மேல கிரேக்கக் கடவுள் ஸ்யூஸோட சிலை ஒண்ணு, உஜென்டோங்கற ஊருல 1961ல கிடைச்சது, வெண்கலம், முக்கால் மீட்டருக்கு மேல இல்ல, இடிய எறியப்போற மாதிரி கை ஓங்கி நிக்கும். சுத்தி வந்து பாருங்க, முதுகுப் பக்கம் முடிய எவ்ளோ பொறுமையா செதுக்கி இருக்காங்கனு தெரியும். அப்புறம் தடகள வீரரோட கல்லறை. கி.மு. 500 வாக்குல இறந்த ஒரு இளைஞன், எலும்புக்கூடோட கல்பெட்டி அப்படியே இருக்கு, பக்கத்துல ஏதென்ஸ் போட்டில ஜெயிச்சவங்களுக்கு ஆலிவ் எண்ணெய் ஊத்திக் குடுக்கற ஜாடிங்க. ஒரு பக்கம் ஏதென்ஸோட தெய்வம் அதீனா, மறுபக்கம் என்ன போட்டியோ அந்தப் படம். நான் அங்கேயே அரை மணி நேரம் நின்னுட்டேன், அவன் பேரு யாருக்கும் தெரியாது ஆனா ஜெயிச்சது மட்டும் தெரியுதே.

தங்க நகைங்களுக்கு ஒரு மணி நேரம் வெச்சுக்கோங்க. படகு மாதிரி தொங்குற தோடு, கனோசால கிடைச்ச பூ வெச்ச நெத்திப்பட்டம், எல்லாம் கண்ணாடிக்கு மூக்கு ஒட்டுற மாதிரி நின்னு பாக்கணும், அவ்ளோ நுணுக்கமான கம்பி வேலை. இங்க இருக்கற பொருள் எல்லாம் ஏன் கல்லறைலேருந்து வந்ததுனு தோணும். இந்த ஊரு கிரேக்கருங்க செத்தவங்கள மதிலுக்கு உள்ளயே புதைச்சாங்க, பத்தொன்பதாம் நூற்றாண்டுல அந்த எடத்து மேலதான் புது ஊரையும் கடற்படையோட கப்பல் கட்டற தளமான ஆர்செனலையும் கட்டினாங்க, அஸ்திவாரம் தோண்டத் தோண்ட கல்லறையா வந்துச்சு. மியூசியம் பிறந்ததே அதனாலதான்.

சாப்பிட்டு முடிச்சு கோட்டைக்கு வாங்க. மஸல்ஸ் கிடைச்சா விடாதீங்க, கடலுக்கு அடியில நல்ல தண்ணி ஊத்து இருக்கற உள்கடல்ல வளக்கறாங்க, ருசியே தனி. கோட்டை இத்தாலி கடற்படை கைல இருக்கு, டிக்கெட் கிடையாது, ஆனா தனியா சுத்த விடமாட்டாங்க, குறிச்ச நேரத்துக்கு கடற்படைக்காரங்களே கூட்டிட்டுப் போவாங்க. நேரம் மாறும், அதனால முந்தின நாளே செக் பண்ணிடுங்க, இங்கிலீஷ்ல சொல்ற கைடு எப்பனும் அப்பவே கேட்டுக்கோங்க.

1480ல ஒட்டோமான் படை ஓட்ரான்டோவ பிடிச்சதுக்கு அப்புறம் அரகான் வம்சத்து நேப்பிள்ஸ் ராஜா பெர்டினாண்டு 1486லேருந்து 1492க்குள்ள கட்டினது இது. டவருங்க ஏன் வட்டமா குட்டையா குண்டா இருக்குனு கவனிங்க, பீரங்கி குண்டு நேரா மோதாம வழுக்கிப் போகணும்னு. ஆனா கைடு கீழ கூட்டிட்டுப் போற எடம்தான் முக்கியம், அரகான் சுவத்துக்கு அடியில பைசான்டைன் (கிழக்கு ரோமானியர்) சுவரு, அதுக்கும் கீழ கிரேக்கருங்க வெட்டின கல்லு. காலைல பாத்த தோடும் ஜாடியும் எந்த அடுக்கச் சேர்ந்ததுனு அங்கதான் பிடிபடும். சிறையா இருந்த கதையும் கேளுங்க, தோமா அலெக்சாந்தர் டூமானு ஒரு பிரெஞ்சு ஜெனரல், அம்மா ஹைட்டில அடிமையா இருந்தவங்க, 1799ல அவர இங்கதான் அடைச்சு வெச்சாங்க.

மாடத்துலேருந்து அந்தப் பாலத்த பாருங்க, பெரிய கப்பல் வந்தா நடுவுல பிரிஞ்சு திரும்பிக்கும். இதுவும் முதல்ல திறந்தது 1887ல, கப்பல் போற கால்வாய அகலப்படுத்தறதுக்காக கோட்டையோட ஒரு டவரையே இடிச்சுட்டாங்க. மியூசியத்தக் குடுத்த அதே ஆர்செனல் வேலைதான் டவரையும் தின்னுச்சு, எனக்கு இன்னும் மனசு ஆறல.

வெளிய வந்ததும் உடனே ஸ்டேஷனுக்கு ஓடாதீங்க. எதிர்ல டோரிக்னு சொல்ற பழைய கிரேக்க பாணில ரெண்டு தூண் நிக்குது, கி.மு. ஆறாம் நூற்றாண்டுக் கோயிலோடது. சாயங்கால வெயில் அது மேல விழற நேரமா பாத்து போங்க, அப்புறம் பழைய ஊரு சந்துங்க வழியா நடந்தா ட்ரெயினப் பிடிச்சிடலாம்.