கஷ்டம் ஆளுக்கா, வேலைக்கா? ஆங்கிலத்தில் ‘டு’ சேர்த்துப் பேசும் முறை

ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டுபவருக்கும் மண்டபத்தில் தங்கும் அறை வாடகைக்கு விடுபவருக்கும் ஆங்கிலச் சொல் பஞ்சம் கிடையாது. ஈஸி, டிஃபிகல்ட், ரெடி, டேஞ்சரஸ் எல்லாம் நாக்கு நுனியிலேயே இருக்கும். யாரை முதலில் வைப்பது என்பதில்தான் தடுமாற்றம். ‘நாளைக்குக் காலையில வர எனக்குக் கஷ்டம்’ என்று மனதில் நினைத்து, ‘ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம்’ என்று வாயில் வந்துவிடுகிறது. கேட்பவருக்கு ‘நான் ஒத்துப்போகாத ஆள்’ என்று சொல்வது போலத்தான் படும்.

தமிழில் ‘வர, நடக்க, பார்க்க’ என்று அகரத்தில் முடியும் எச்சம் ஒரு பண்புச்சொல்லோடு சேரும்போது, ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘டு கம், டு வாக், டு சீ’ வரும். இதில் சிக்கல் இல்லை. அந்தப் பண்பு யாருடையது என்பதை மட்டும் வாயைத் திறக்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு சோதனை. தமிழ் வாக்கியத்தில் ஆளோடு ‘-க்கு’ ஒட்டியிருக்கிறதா? ‘எனக்குக் கஷ்டம்’, ‘உங்களுக்கு வசதி’, ‘அவருக்கு அவசியம்’. இருந்தால் ‘இட் இஸ்’ என்று தொடங்கி, பண்புச்சொல்லைச் சொல்லி, ஆளை ‘ஃபார்’ போட்டு நடுவில் வைத்து, கடைசியில் ‘டு’ வினை.

‘இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு கம் டுமாரோ.’
‘இஸ் இட் கன்வீனியன்ட் ஃபார் யூ டு ஸ்டார்ட் அட் ஃபைவ்?’
‘இட் இஸ் நெசஸரி ஃபார் யூ டு ஷோ யுவர் ஐடி.’

‘ஆர் யூ கன்வீனியன்ட்?’, ‘யூ ஆர் நெசஸரி டு ஷோ’ என்பவை தினமும் காதில் விழும் பிழைகள். ‘பாஸிபிள்’ என்பதும் இதே வகை: ‘ஐ ஆம் நாட் பாஸிபிள்’ கிடையாது, ‘இட் இஸ் நாட் பாஸிபிள் ஃபார் மீ டு கம்’. ஆளையே முதலில் வைத்துப் பேச ஆசைப்பட்டால் ‘ஐ ஆம் நாட் ஏபிள் டு கம்’ சரி. அதைவிட ‘ஐ கான்ட் கம்’ என்று சொல்லிவிட்டுப் போவது மேல்.

‘-க்கு’ சோதனை ஒரே இடத்தில் காலை வாரும். சந்தோஷம், பயம், வருத்தம் போன்ற மன உணர்ச்சிக்கும் தமிழில் ‘எனக்கு’ என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அங்கே ஆள்தான் முதலில்: ‘ஐ ஆம் ஹேப்பி டு சீ யூ’, ‘ஷி இஸ் அஃப்ரெய்ட் டு கெட் இன்டு தி போட்’. சந்தேகம் வந்தால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: சந்தோஷமாக இருப்பது ஆளா, வேலையா? ஆள். கஷ்டமாக இருப்பது? வேலை. ‘ரெடி’, ‘வில்லிங்’, ‘ஈகர்’ ஆகியவையும் ஆளைச் சேர்ந்தவையே.

அடுத்து, பொருளை முதலில் வைத்துப் பேசுவது. மீன் கடையில் இது இல்லாமல் ஓடாது. காரலில் முள் அதிகம்: ‘திஸ் ஃபிஷ் இஸ் டிஃபிகல்ட் டு ஈட்’. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ‘டு ஈட் இட்’ என்று பின்னால் ஒரு ‘இட்’ சேர்த்தால் பிழை. எதைச் சாப்பிடுவது என்பதைத்தான் ‘திஸ் ஃபிஷ்’ என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டதே. ‘ஈஸி டு க்ளீன்’, ‘ஹார்ட் டு ஃபைண்ட்’, ‘சீப் டு பை’ எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. ‘இம்பாஸிபிள்’ இந்த வரிசையில் சேரும்: ‘திஸ் லாக் இஸ் இம்பாஸிபிள் டு ஓப்பன்’. ஆனால் ‘பாஸிபிள்’ சேராது. ‘திஸ் லாக் இஸ் பாஸிபிள் டு ஓப்பன்’ என்று யாரும் சொல்வதில்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்டால், பழக்கம் அப்படி.

இதிலேயே இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர்களும் இதில் விட்டுவிடுவார்கள். தனுஷ்கோடியில் குளிக்க இறங்குபவரை எச்சரிக்க வேண்டும். ‘தி ஸீ ஹியர் இஸ் டேஞ்சரஸ் டு ஸ்விம்’ என்றால் குறை நிற்கிறது. நாம் சொல்வது ‘கடலில் நீந்த’. அந்த ‘-இல்’ ஆங்கிலத்தில் தொலைந்துபோகக் கூடாது; வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும்: ‘டேஞ்சரஸ் டு ஸ்விம் இன்’. காரங்காடு அலையாத்திக் காட்டுக்குப் படகில் ஏற்றும்போது, ‘திஸ் போட் இஸ் ஈஸி டு கெட் இன்டு’. நாற்காலியில் உட்கார ‘கம்ஃபர்டபிள் டு சிட் ஆன்’. ஒருவரோடு பேச ‘ஈஸி டு டாக் டு’. தமிழில் வேற்றுமை உருபு இருந்தால், ஆங்கிலத்தில் கடைசியில் ஒரு குட்டிச் சொல் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

‘தி க்ராப் இஸ் ரெடி டு ஈட்’ என்றால் நண்டு தயாராகிவிட்டது என்றும் கொள்ளலாம், நண்டுக்குப் பசிக்கிறது என்றும் கொள்ளலாம். தட்டில் இருக்கும்வரை யாரும் குழம்பமாட்டார்கள்.

‘டூ’ பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இது ‘வெரி’ இல்லை; அளவு மீறிவிட்டதால் அந்த வேலை நடக்காது என்று பொருள். சித்திரை வெயிலில் தனுஷ்கோடி மணல்: ‘தி சேண்ட் இஸ் டூ ஹாட் டு வாக் ஆன்’. நடக்க முடியாது என்பது அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. ‘டூ ஹாட், கான்ட் வாக்’ என்று இரண்டு முறை சொல்ல வேண்டாம். ‘சோ ஹாட் டு வாக்’ என்பது பிழை. குழம்பு நன்றாக இருக்கிறது என்று பாராட்ட ‘டூ டேஸ்டி’ என்றால் ருசி மிஞ்சிப்போய்க் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். ‘வெரி டேஸ்டி’ போதும். ‘டூ’வுக்கு எதிர்ப்பக்கம் ‘எனஃப்’. இது பண்புச்சொல்லுக்குப் பின்னால்தான் வரும்: ‘தி வாட்டர் இஸ் ஷாலோ எனஃப் டு ஸ்டாண்ட் இன்’. ‘எனஃப் ஷாலோ’ கிடையாது.

நன்றி சொல்லும்போதும் குறை சொல்லும்போதும் ‘ஃபார்’ மாறி ‘ஆஃப்’ ஆகும், ஏனென்றால் அங்கே பண்பு உண்மையிலேயே ஆளுடையது: ‘இட் வாஸ் கைண்ட் ஆஃப் யூ டு வெயிட்’. நைஸ், ரூட், கேர்லெஸ், சில்லி எல்லாம் இப்படியே. ‘குட்’ மட்டும் இரண்டு பக்கமும் போகும். ‘குட் ஆஃப் யூ டு வாக் வித் மீ’ என்றால் கூட நடந்து வந்ததற்கு நன்றி. ‘குட் ஃபார் யூ டு வாக்’ என்றால் நடப்பது உடம்புக்கு நல்லது.

எதிர்மறைக்கு ‘நாட்’ என்பதை ‘டு’வுக்கு முன் வையுங்கள். 22 தீர்த்தத்திலும் நீராடி வருபவர்களால் கோயில் தரை ஈரமாகவே கிடக்கும்: ‘பி கேர்ஃபுல் நாட் டு ஸ்லிப்’. நடந்து முடிந்ததைச் சொல்ல, ‘இஸ்’ மட்டும் ‘வாஸ்’ ஆகும், ‘டு’வுக்குப் பின் வினை மாறாது. ‘ஹேப்பி டு மெட்’ கூடாது.

‘ஷ்யூர்’, ‘லைக்லி’ இரண்டும் பார்வைக்கு ‘ரெடி’ மாதிரி இருந்தாலும் குணம் வேறு. ‘ஹி இஸ் ஷ்யூர் டு கம்’ என்றால் நிச்சயம் அவருக்கு இல்லை, பேசுகிற உங்களுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது விலை கேட்பவரிடம் ‘ஃபிஷ் இஸ் லைக்லி டு பி காஸ்ட்லி நௌ’ என்று சொல்லலாம்.

‘டு’ ஒட்டாத சொற்களும் உண்டு. இவற்றை வாக்கியமாகவே மனப்பாடம் செய்வதுதான் வழி. 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலம் ‘வொர்த் சீயிங்’. ‘வொர்த் டு சீ’ இல்லை. ‘பிஸி குக்கிங்’, ‘இன்ட்ரஸ்டட் இன் பையிங்’, ‘கேபபிள் ஆஃப் கேரியிங்’. ‘ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் எர்லி’ என்பதில் ‘டு’ இருந்தும் ‘-இங்’ வரும். இந்த ‘டு’ வேறு. ‘அஃப்ரெய்ட்’ இரண்டையும் ஏற்கும்: பயந்து ஒரு வேலையைச் செய்யத் தயங்கினால் ‘டு’, தானாக நேர்ந்துவிடுமோ என்ற பயம் என்றால் ‘அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்’.

உச்சரிப்பில், ‘டு’வை அழுத்தாதீர்கள். மெய்யொலிக்கு முன் அது ஏறக்குறைய ‘ட’ ஆகிவிடும்: ‘நைஸ் ட மீட் யூ’. உயிரொலிக்கு முன் மட்டும் ‘டு’ தெளிவாக வரும்: ‘ஈஸி டு ஈட்’. ‘டூ ஹாட் ட வாக் ஆன்’ என்பதில் முதல் ‘டூ’வை நீட்டி, இரண்டாவதைக் குறுக்கிச் சொன்னால்தான் இரண்டும் வேறு என்று காது பிரித்துக்கொள்ளும். ‘நைஸ் டு மீட் யூ’ முதல் சந்திப்புக்கு மட்டுமே. அதே விருந்தினர் மறுமுறை வந்தால் ‘நைஸ் டு சீ யூ அகெய்ன்’. முதல் சந்திப்பு முடிந்து பிரியும்போது ‘நைஸ் மீட்டிங் யூ’.