கொசுவமும் நெசவாளர் முடிச்சும்: அரைக் கிலோவில் ஒரு தொங்கும் படுக்கை

நான் முதன்முதலில் கட்டிய ஹமாக் அம்மாவின் பழைய பருத்திச் சேலை. ஐந்தரை மீட்டரை இரண்டாக மடித்து, இரண்டு புளியமரங்களுக்கு நடுவே கட்டில் போல விறைப்பாக இழுத்துக் கட்டினேன். இரவு இரண்டு மணிக்குத் துணி கிழிந்து முதுகெலும்பின் அடிநுனி தரையில் மோதியது. இரண்டு வாரம் ஒரு பக்கமாகவே உட்கார்ந்தேன். சென்னிமலையில் தறி ஓடிய வீட்டில் பிறந்தவன் துணியை நம்பி விழுந்தேன் என்பதுதான் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "தூளியை எவனாவது இழுத்துக் கட்டுவானா?" குழந்தையின் தூளியில் இரண்டு முனையும் ஒரே உத்திரத்தில் சேர்கின்றன, ஹமாக்கில் இரண்டு மரங்களுக்குப் போகின்றன. ஆனால் இரண்டிலும் சுகம் தொய்வில் இருக்கிறது. அதன் பிறகு நான் செய்த நான்கு ஹமாக்குகளும் அந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்கள். நான்காவது கயிறு, நாடா எல்லாம் சேர்த்து அரைக் கிலோ. சைக்கிள் கைப்பிடியில் கட்டிக்கொண்டு போகிறேன்.

முதலில் துணி. பருத்தி உடம்புக்கு இதம், ஆனால் பனியைக் குடித்துக் கனக்கும், காயவும் நாளாகும். வேண்டியது ரிப்ஸ்டாப் நைலான். கடையில் "பாராசூட் துணி" என்று கேட்டால் எதை எதையோ எடுத்துப் போடுவார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: பாவிலும் (நீள இழை) ஊடையிலும் (குறுக்கு இழை) சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை தடித்த இழை ஓடி, சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிய வேண்டும். ஒரு கிழிசல் தொடங்கினால் அந்தத் தடித்த இழையில் தடுக்கி நின்றுவிடும். அடுத்து, துணியை வாயில் வைத்து ஊதுங்கள். மூச்சு கொஞ்சமாவது மறுபக்கம் போக வேண்டும். போகவில்லையென்றால் அது மழைச்சட்டைக்காகப் பூச்சு பூசிய துணி, அதில் படுத்தால் வேர்வையில் நனைவீர்கள். எடை சதுர மீட்டருக்கு 65 கிராம் அளவில் இருந்தால் என் 78 கிலோவுக்குப் போதும். அதைவிட மெல்லியதில் ஆசைப்பட்டு மூன்றாவது ஹமாக்கைச் செய்தேன். எடை குறைந்தது. ஆனால் ரப்பர் போல நீண்டு, விடியும்போது இடுப்பு குழிக்குள் கிடந்தது.

நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கடையில் விற்பவை பலவும் இரண்டே முக்கால் மீட்டர்தான், என் மடித்த சேலையும் அதே அளவு. அதில் படுத்தால் உடம்பு வாழைப்பழம் போல வளைந்து, முழங்கால் பின்பக்கமாக வளையப் பார்க்கும். 3.45 மீட்டர் வெட்டுங்கள். அகலம் ஒன்றரை மீட்டர். பாவு நீளவாக்கில் ஓட வேண்டும், உங்கள் எடையை அதுதான் இழுக்கப்போகிறது.

தையல் கொஞ்சம்தான். நீளமான இரண்டு ஓரங்களையும் ஒரு சென்டிமீட்டர் அளவில் இரண்டு மடிப்பாக மடித்துத் தையுங்கள். அகலவாட்டு முனைகளில், உள்பாவாடைக்கு நாடா கோக்கப் பட்டி தைப்போமே, அதேபோல ஒரு சென்டிமீட்டரை உள்ளே மடித்து, பிறகு நான்கு சென்டிமீட்டர் பட்டி. இதற்கு மட்டும் மூன்று வரிசைத் தையல். பாலியஸ்டர் நூல், 14-ஆம் எண் ஊசி போதும். பருத்தி நூல் போட்டால் ஒரு மழைக்காலத்தில் மக்கத் தொடங்கும். தையல் முடிந்ததும் நீளம் 3.35 மீட்டர் இருக்கும்.

பட்டிக்குள் கயிற்று வளையத்தைக் கோத்து, வளையத்தின் ஒரு முனையை மறுமுனைக்குள் நுழைத்து இழுத்தால் துணி தானே சுருங்கும். அவசரப்படாமல் சேலைக் கொசுவம் வைப்பதுபோல மடிப்புகளை ஒரே அளவாக நீவிவிடுங்கள். ஒரு பக்கம் குவிந்தால் அந்தப் பக்கம் முழு இரவும் உங்களைச் சரித்துத் தள்ளும். என் மனைவி இதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறாள். எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது.

வளையத்துக்கு 6 மில்லிமீட்டர் பாலியஸ்டர் கயிறு நல்லது. எடையை இன்னும் குறைக்க வேண்டுமென்றால் டைனீமா என்ற மிக வலுவான செயற்கை இழைக் கயிறு. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கயிறு 700 கிலோ வரை இழுப்பைத் தாங்கும். ஆனால் அது வழுக்கும், சாதாரண முடிச்சு நிற்காது. உள்ளே கூடாகப் பின்னிய கயிறாக வாங்கி, முனையை அதன் வயிற்றுக்குள்ளேயே ஓர் இருபது சென்டிமீட்டர் புதைக்க வேண்டும். நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், 150 டிகிரிக்கு முன்பே உருகிவிடும்.

இனி, பலரும் விட்டுவிடுகிற ஒன்று. இரண்டு கொசுவ முனைகளுக்கும் நடுவே மேலே ஒரு மெல்லிய கயிறு. ரிட்ஜ்லைன் என்பார்கள். நீளம் ஹமாக்கின் நீளத்தில் 83 சதவீதம். நம் அளவுக்கு 2.78 மீட்டர். மரங்கள் எவ்வளவு தள்ளி நின்றாலும் தொய்வு மாறாமல் இருப்பது இதனால்தான். படுத்துக்கொண்டு அந்தக் கயிற்றை இரண்டு விரலால் வளைத்துப் பாருங்கள். கொஞ்சம் வளைந்தால் சரி. வீணைத் தந்தி போல ரீங்கரித்தால் இறங்கிப் போய், ஹமாக்கை மரத்தோடு கட்டும் நாடாவை இன்னும் மேலே ஏற்றுங்கள்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நாடா கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்வில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் சரியாக உங்கள் எடையையே இழுக்கும். எனக்கு 78 கிலோ. 10 பாகையானால் அதுவே 225 கிலோ. 5 பாகைக்கு 447. அம்மாவின் சேலை ஏன் கிழிந்தது என்று இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் எனக்கு விளங்கியது. அளவுகோல் வேண்டாம், கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் துப்பாக்கி போல விரித்து, ஆட்காட்டி விரலைக் கிடையாக நீட்டுங்கள். இரண்டு நுனிகளையும் இணைக்கும் கோடு ஏறத்தாழ 30 பாகை. மரங்கள் நான்கரை மீட்டர் தள்ளி இருந்தால் நாடா ஆறடிக்குச் சற்று மேலே போகும், உட்காரும் இடம் நாற்காலி உயரத்தில் நிற்கும்.

மரத்தில் கயிறு சுற்றாதீர்கள், பட்டையை அறுக்கும். ஓர் அங்குல அகல பாலியஸ்டர் நாடா, பக்கத்துக்கு மூன்று மீட்டர். கடைக்காரர் எல்லாவற்றையும் "நைலான்" என்றே சொல்வார். ஒரு துண்டு வாங்கி வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன், வெயிலில் கெடும், வேண்டாம். மூழ்கினால் இரண்டில் ஒன்று: நனைந்து இழுத்தால் நன்றாக நீள்வது நைலான், விறைப்பாகவே இருப்பது பாலியஸ்டர்.

நாடாவை வளையத்தோடு இணைக்க இரும்புக் கொக்கி தேவையில்லை. பாவில் அறுந்த இழையை அப்பா கண்ணை மூடிக்கொண்டு முடிவாரே, அந்த நெசவாளர் முடிச்சு போதும். நாடாவை வளையத்துக்குள் கீழிருந்து மேலே எடுத்து, வளையத்தின் இரு கால்களுக்கும் பின்னால் சுற்றி, நாடாவின் அடியிலேயே செருகுங்கள். முழுவதும் இழுத்துவிடாமல் ஒரு மடிப்பாக விட்டால், காலையில் நுனியைச் சுண்டினால் அவிழ்ந்துவிடும். இழுப்பு இருக்கும்வரை இறுகும், இல்லாதபோது விடும்.

எந்த மரம்? வேம்பு, புளி, மா, நெஞ்சளவு தடித்தவை. முருங்கையில் கட்டவே கூடாது. வேதாளத்துக்கு எடை கிடையாது, உங்களுக்கு உண்டு. தென்னந்தோப்பு பார்க்க அழகு, ஆனால் தலைக்கு மேலே காயும் காய்ந்த மட்டையும் இருக்கின்றன. பொள்ளாச்சிப் பக்கம் நண்பரின் தோப்பில் நான் படுப்பது வரப்போர வேம்புகளில்தான். காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிக் கட்டினால் இரவு ஹமாக்கில் முடியாது.

முதல் தடவை தரையிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவாகக் கட்டி, ஓர் அரிசி மூட்டையை வையுங்கள். பிறகு நீங்கள். நடுவில் உட்கார்ந்து, தலையை ஒரு சாண் இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் ஒதுக்கிக் குறுக்காகப் படுங்கள். முதுகு சட்டென்று நேராகும். யுகாத்தானில் தலைமுறை தலைமுறையாக ஹமாக்கில் உறங்குகிறவர்கள் குறுக்காகத்தான் படுக்கிறார்கள். நீளவாக்கில் படுத்து முதுகு வலிக்கிறது என்பது நம்மைப் போன்ற புதியவர்களின் புகார்.

ஏற்காட்டில் ஒரு டிசம்பர் இரவில் கற்றது: குளிர் கீழிருந்து வரும். முதுகுக்கு அடியில் நசுங்கிய போர்வை குளிரைத் தடுக்காது. யோகா விரிப்பு ஒன்றை உள்ளே போடுங்கள், அடியிலிருந்து கொசு கடிப்பதும் அதோடு நிற்கும். மழை வாய்ப்பு இருந்தால் நாடா முடியும் இடத்தில் ஒரு சாண் பருத்தி நூலைத் தொங்கவிடுங்கள். நாடா வழியே ஓடிவரும் தண்ணீர் அந்த நூலில் இறங்கிச் சொட்டிவிடும்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் துணியை வெயிலுக்கு எதிராக விரித்துப் பாருங்கள், முக்கியமாகக் கொசுவத்தை ஒட்டிய இரண்டு சாண் இடத்தில். அங்கே ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் ஒட்டுப் போட்டுச் சமாளிக்காதீர்கள். என் இரண்டாவது ஹமாக் இப்போது மூன்று காய்கறிப் பைகளாக வீட்டில் இருக்கிறது.