ஹாலில் டிவி சுவரை அமைப்பது எப்படி?

புது வீட்டுக்குக் குடிபோகும் பலர் ஹாலில் டிவி வரப்போகும் சுவரைப் பற்றி யோசிக்கத் தொடங்குவது, தச்சர் கைப்பேசியில் காட்டும் படங்களைப் பார்த்த பிறகுதான். எந்தப் பலகை, எந்த நிறம், எங்கே விளக்கு என்பதெல்லாம் முடிவான பின்னர், கடைசி நாளில் டிவியை மாட்ட வருபவர் "எந்த உயரத்தில் வைக்கலாம்?" என்று கேட்பார். அவர் நின்றுகொண்டு தன் கண்ணுக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போடுவார். நாமும் பக்கத்தில் நின்றபடி சரி என்று தலையாட்டிவிடுவோம். அன்று இரவு சோபாவில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும்போதுதான் தவறு கழுத்தில் தெரியும். ஆகவே இந்த வேலையை உட்காரும் இடத்திலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கிப் போக வேண்டும். அலங்காரம் கடைசியில் வரட்டும்.

சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். அது 11 அடி அகலமும் 17 அடி நீளமும் கொண்டது. நீளமான சுவர் ஒன்றில் டிவி, எதிர்ச்சுவரை ஒட்டிச் சோபா. சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் இடையே ஏறக்குறைய 9 அடி கிடைக்கிறது. திரை நம் பார்வையில் சுமார் 30 பாகை அகலத்தை நிரப்பினால் வசதியாக இருக்கும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதன்படி, திரையின் மூலைவிட்ட அளவை 1.6 ஆல் பெருக்கினால் உட்கார வேண்டிய தூரம் கிடைத்துவிடும். 43 அங்குல டிவிக்கு ஏறத்தாழ ஐந்தே முக்கால் அடி, 55 அங்குலத்துக்கு ஏழேகால் அடிக்குச் சற்றுக் கூடுதல், 65 அங்குலத்துக்கு எட்டரை அடிக்குச் சற்று மேல். எங்கள் 9 அடிக்கு 65 அங்குலம் பொருந்தியது. கடையில் பெரிய கூடத்தில் சின்னதாகத் தெரியும் டிவி, வீட்டுச் சுவரில் ஏறியதும் பெரிதாகிவிடும் என்பதால், கடைக்குப் போவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.

அடுத்தது உயரம். சராசரி உயரமுள்ள ஒருவர் சோபாவில் உட்கார்ந்தால் அவருடைய கண் தரையிலிருந்து 40 முதல் 42 அங்குல உயரத்தில் இருக்கும். திரையின் நடுப்புள்ளி அந்த உயரத்தில் அமைய வேண்டும் என்பது பொது விதி. ஆனால் நம் வீடுகளில் எல்லோரும் சோபாவில் உட்காருவதில்லை. என் அம்மா மாலையில் தரையில் கால் நீட்டி, சோபாவில் முதுகைச் சாய்த்து, மடியில் மல்லிகைச் சரத்தோடு தொடர் பார்ப்பவர். அவருடைய கண் உயரத்தை அளந்தபோது 29 அங்குலம் வந்தது. இருவகையினருக்கும் ஒத்துவரும்படி நடுப்புள்ளியை 38 அங்குலத்தில் வைத்தோம். 65 அங்குல டிவி ஏறத்தாழ 57 அங்குல அகலமும் 32 அங்குல உயரமும் கொண்டது என்பதால், அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து 22 அங்குலத்திலும் மேல் விளிம்பு 54 அங்குலத்திலும் வந்தது. உங்கள் வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்து, அவர்களை உட்காரவைத்தே அளந்துகொள்ளுங்கள்.

கணக்கு சரியாக வந்தாலும் கண்ணால் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். பழைய செய்தித்தாள்களை ஒட்டி 57க்கு 32 அங்குலத்தில் ஒரு செவ்வகம் செய்து, குறித்த உயரத்தில் சுவரில் ஒட்டி, நான்கைந்து நாள் அப்படியே விட்டுவைத்தோம். இந்தக் காகிதம் பல உண்மைகளைச் சொன்னது. காலை ஒன்பது மணிக்குப் பால்கனிக் கதவு வழியே வரும் வெளிச்சம் அதன் இடது மூலையில் விழுந்தது; சமையலறையிலிருந்து வருபவர் எந்த இடத்தில் திரையை மறைப்பார் என்பதும் தெரிந்தது. காகிதத்தை ஓர் அடி வலப்பக்கம் நகர்த்தினோம். ஜன்னலுக்கு நேர் எதிரே டிவி வந்தால் பகலில் பிம்பம் விழும். ஜன்னலை முதுகில் வைத்து டிவி நின்றால் கண் கூசும். பக்கச்சுவரில் ஜன்னல் இருப்பதே நல்லது. ஏசி இருக்கும் ஹாலாக இருந்தால், அதற்கு நேர் கீழே மட்டும் டிவியை வைக்காதீர்கள். வடிகுழாய் ஒருநாள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நேராக டிவியின் மீதுதான் சொட்டும்.

இடம் முடிவானதும் சுவரைச் சோதிக்க வேண்டும். பலகை போட்டு மூடப்போகும் சுவரில் ஈரம் இருந்தால், ஒரே மழைக்காலத்தில் பலகையின் பின்புறம் பூசணம் பிடித்துவிடும். குளியலறையோடு ஒட்டிய சுவர், மழை அடிக்கும் வெளிச்சுவர் இரண்டிலும் கூடுதல் கவனம் தேவை. ஓர் அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரங்களையும் டேப்பால் இறுக ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கத்தில் நீர்த்துளி பூத்திருந்தால், கசிவைச் சரிசெய்யாமல் தச்சரை உள்ளே விடக் கூடாது. சென்னையைப் போல அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை பெறும் ஊர்களில், மழை முடிந்த கையோடு இந்தச் சோதனையைச் செய்தால் உண்மை தெரியும். சுவரின் அடியில் கரையான் மண்கோடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சுவர் எதனால் ஆனது என்பதும் முக்கியம். செங்கல் சுவரில் துளையிட்டு, முறுக்காணியைப் பிடித்துக்கொள்ளும் பிளக்கை அடித்து முறுக்கினால் டிவி நன்றாகவே தாங்கும். லைட் வெயிட் பிளாக் எனப்படும் எடை குறைந்த கற்களால் கட்டிய சுவரில் சாதாரண பிளக் நாளடைவில் நெகிழும். அதற்கென விற்கும் தனிவகைப் பிளக்கைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது 18 மி.மீ. பிளைவுட் ஒன்றைச் சுவரில் பல இடங்களில் முறுக்கி, அதன் மேல் டிவியைப் பிடிக்கும் தாங்கியைப் பொருத்திப் பாரத்தைப் பரப்ப வேண்டும். முழுக்கக் கான்கிரீட்டால் வார்த்த மிவான் வகைக் கட்டடங்களில் சுவரே கட்டடத்தைத் தாங்குவதால், ஒயருக்காக அதில் காடி (நீளமான பள்ளம்) வெட்டக் கூடாது. அங்கே பலகைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டு ஒயரைக் கொண்டுபோவதே வழி.

இனி இந்த வேலையின் உயிரான பகுதிக்கு வருகிறேன்: ஒயரிங். எங்கள் பழைய வீட்டில் நான் செய்த தவறு இங்கேதான். தச்சர் சுவர் முழுவதும் பலகையைப் பசைபோட்டு ஒட்டி, ஒயரை அதற்குள் புதைத்து, சுவர் கண்ணாடி போல அழகாக இருக்கும்படி முடித்துக்கொடுத்தார். இரண்டாவது வருடம் உள்ளே போன, படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுவரும் ஹெச்.டி.எம்.ஐ. ஒயர் பழுதானது. அதை வெளியே இழுக்க வழியே இல்லை. உளி வைத்துப் பலகையைப் பெயர்த்தபோது வந்த சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மைக்கா சில்லு சில்லாகத் தரையில் விழுந்தது. அப்படி ஒட்டச் சொன்னதும், தடையில்லாமல் மூடிவிட அனுமதித்ததும் நான்தான். அன்றிலிருந்து திறக்க முடியாத சுவரை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஆகவே டிவியின் பின்னாலிருந்து, அதன் கீழே செட்டாப் பாக்ஸ் முதலியவற்றை வைக்கும் கீழ்ப்பெட்டி வரை 2 அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றைக் கண்டிப்பாகப் பதியுங்கள். ஹெச்.டி.எம்.ஐ. ஒயரின் தலை தடிமனானது. முக்கால் அங்குலக் குழாய்க்குள் அது எளிதில் நுழையாது. குழாயை நேராக இறக்குங்கள். வளைவு தேவைப்பட்டால் செங்கோணத்தில் திருப்பாமல் சாய்வாகத் திருப்புங்கள். உள்ளே ஒரு நைலான் கயிற்றை நிரந்தரமாக விட்டுவைத்தால், நாளை புது ஒயரை அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். மின்சார ஒயர் இந்தக் குழாயில் போகக் கூடாது. அதற்குத் தனிக் குழாய் வேண்டும். டிவியின் பின்னால் இரண்டு பிளக் பாயிண்டுகள் போதும், ஆனால் அவை தாங்கி வரும் நடுப்பகுதியில் அமைந்துவிடாமல் ஓர் அடி விலகியிருக்க வேண்டும். கீழ்ப்பெட்டிக்குள் ஆறு பாயிண்டுகளாவது வையுங்கள். செட்டாப் பாக்ஸ், மோடம், சவுண்ட்பார், எல்.இ.டி. விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித்தரும் டிரைவர் என்று எண்ணினாலே நான்கு வந்துவிடும். மோடம் செருகும் பாயிண்டை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிட்டால், மின்வெட்டின்போது வீட்டில் இணையமாவது ஓடும்.

பூச்சு வேலைக்கு முன்பு, காடியில் குழாய்கள் தெரியும் நிலையில், சுவரோடு அளவு டேப்பை விரித்துப் பிடித்து நான்கைந்து படம் எடுத்துவையுங்கள். நாளை ஆணி அடிக்க வேண்டியிருந்தால் எந்த ஒயர் எங்கே போகிறது என்பதை அந்தப் படங்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

கீழ்ப்பெட்டியைத் தரையைத் தொடாமல் சுவரில் தொங்கவிடுவதே என் தேர்வு. தரை துடைக்கும் தண்ணீர் பலகையின் அடியில் ஊறாது. துடைப்பமும் உள்ளே போகும். எங்கள் பெட்டியின் மேற்பரப்பு தரையிலிருந்து 14 அங்குலத்தில் இருக்கிறது, அடியில் 5 அங்குலம் காலி. டிவிக்கும் பெட்டிக்கும் இடையே கிடைத்த 8 அங்குலத்தில் சவுண்ட்பார் தாராளமாக உட்கார்ந்துவிட்டது. பெட்டி டிவியைவிட இருபக்கமும் ஓர் அடியாவது நீண்டிருந்தால் பார்வைக்குச் சமநிலை கிடைக்கும். செட்டாப் பாக்ஸ் வைக்கும் அறைக்கு மரக்கதவு போட்டால் சாதாரண ரிமோட் வேலை செய்யாது. கண்ணாடிக் கதவோ திறந்த தட்டோ போதும். பெட்டியின் பின்பலகையில் காற்றுப் போக வழி விடுங்கள்.

பலகைக்கு வருவோம். ஈரம் படக்கூடிய இடமென்றால் நீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட்டைக் கேளுங்கள், மர இழைகளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வழவழப்பாக இருந்தாலும் தண்ணீர் பட்டால் உப்பிவிடும். பி.வி.சி. பலகைகளுக்குக் கரையான் பயமில்லை. மேற்பூச்சு எதுவானாலும் மங்கலானதாக, பளபளப்பில்லாததாக இருக்கட்டும். பளபளக்கும் கறுப்பு மைக்கா போட்ட உறவினர் வீட்டில், படம் ஓடும்போது டிவியைச் சுற்றி மின்விசிறி சுழல்வது தெரிந்துகொண்டே இருந்தது. இப்போது எங்கும் காணப்படும் வரிவரியான பலகைகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் சுவர் முழுவதும் போட்டால் கண் களைத்துவிடும், வாரம் தவறாமல் தூசியும் துடைக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குச் செங்குத்தாகப் போட்டு, மிச்சத்தை மங்கலான பெயிண்டால் விடுவதே அடக்கமாக இருக்கும். தச்சர்கள் சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குவதால் ஒன்றைக் கவனியுங்கள்: 65 அங்குல டிவி மட்டுமே 12 சதுர அடிக்கு மேல் சுவரை மறைத்துவிடுகிறது. யாரும் பார்க்காத அந்த இடத்தில் விலை உயர்ந்த வெனீரோ (மெல்லிய மரத் தகடு) கல்லோ ஒட்டுவது வீண். அங்கே வெறும் பிளைவுட்டை, முறுக்காணி கழற்றித் திறக்கும் தனிப்பலகையாக அமையுங்கள்.

விளக்கைப் பொறுத்தவரை, டிவியின் பின்னால் ஒட்டும் எல்.இ.டி. ஸ்ட்ரிப் இருட்டில் கண் அயர்ச்சியைக் குறைக்கும். அது 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெண்மையில், மிகக் குறைந்த ஒளியில் இருந்தால் திரையின் நிறங்கள் மாறித் தெரியாது. நிறம் மாறி மாறி ஒளிரும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். பக்க மாடங்களுக்கு 3000 கெல்வின் மஞ்சள் ஒளி இதமானது. அதற்குத் தனி ஸ்விட்ச் கொடுங்கள். ஸ்ட்ரிப்பை அலுமினியச் சட்டத்துக்குள் வைத்து மேலே பால்நிற மூடி போட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியாது. முதலில் கெட்டுப்போவது பெரும்பாலும் டிரைவர்தான் என்பதால் அதைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

டிவியை மாட்டும் நாளில், அதன் பின்புறத் துளைகளின் இடைவெளியைக் கையேட்டில் பார்த்து, 400க்கு 300 என்பதுபோல மில்லிமீட்டரில் எழுதியிருக்கும் அந்த அளவுக்கேற்ற தாங்கியை வாங்குங்கள். முன்னே இழுத்துத் திருப்பும் கைவகைத் தாங்கி சுவரை அதிகமாக இழுக்கும் என்பதால், உறுதியான சுவரில் மட்டும் அதைப் போடலாம். ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே கடைசி முறுக்காணியை இறுக்கச் சொல்லுங்கள்.

அலங்காரத்துக்கு நான் மிகக் குறைவாகவே இடம் விடுவேன். திரையைச் சுற்றி இரண்டடிக்குள் சின்னச் சின்னப் பொருள்களை அடுக்கினால், படம் பார்க்கும்போது அவையும் கண்ணை இழுக்கும். கண்ணாடிச் சட்டமிட்ட தஞ்சாவூர் ஓவியத்தை டிவிக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால், அதன் பொன்னும் கண்ணாடியும் திரையில் பிரதிபலிக்கும். பக்கச்சுவரே அதற்கு உரிய இடம். நாங்கள் டிவியின் இடப்புறம், வரிப்பலகையை ஒட்டி, மெல்லிய பத்தமடைப் பாய் ஒன்றைச் சட்டத்தில் இழுத்துக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். கோரையின் நிறம் மஞ்சள் ஒளியில் தேன்போல இருக்கிறது; அதில் பளபளப்பும் இல்லை.

வலப்புறம் நான்கடிச் சுவரை ஒன்றுமே செய்யாமல், அடியில் ஒரு பிளக் பாயிண்டோடு விட்டுவிட்டோம். பலகையை அதுவரை நீட்டிவிடலாம் என்று தச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நவராத்திரிக்கு ஐந்து படிக் கொலு அங்கேதான் வைக்கிறோம்; சீரியல் விளக்கை அந்தப் பாயிண்டில்தான் செருகுகிறோம். மற்ற மாதங்களில் அங்கே ஒரு பிரம்பு நாற்காலி கிடக்கிறது.