கசூதி கவந்தி தையல்: இரு பக்கமும் ஒரே மாதிரி வர

இல்கல் சேலை முந்தானையில் கோபுரமும் தேருமாக நிற்குமே, அந்தக் கர்நாடகத் தார்வாட் பக்கத்துக் கசூதி எம்பிராய்டரி வேலையில் நான்கு தையல்கள் உண்டு: கவந்தி, முர்கி, நெய்கெ, மெந்தி. முன்னும் பின்னும் ஒன்றுபோல இருப்பவை முதல் இரண்டும். இங்கே கவந்தி மட்டும்.

பழகுவதற்குக் கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணிதான் நல்லது, கட்டங்களை எண்ணிவிடலாம். ஆங்கர் எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் இரண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊசி முனை மழுங்கியதாக இருக்கட்டும். கூர் ஊசி ஏற்கெனவே போட்ட நூலைப் பிளந்துவிடும். ஃப்ரேம் வேண்டாம் என்பேன். நாலு தையலுக்கு ஒரு தடவை துணியைத் திருப்பிப் பார்க்கிற வேலைக்கு அது இடைஞ்சல்.

முடிச்சு கிடையாது. மூன்று அங்குலம் வால் விட்டுத் தொடங்கி, ஒரு தையல் மேலே, அடுத்தது கீழே என்று சாதாரண ரன்னிங் தையலாகக் கோட்டின் முனை வரை போங்கள். அப்புறம் அதே துளைகள் வழியே திரும்பினால் விட்ட இடமெல்லாம் நிரம்பிவிடும். திரும்பும்போது பழைய நூலுக்கு எப்போதும் ஒரே ஓரமாக மேலே வந்து, மறு ஓரமாக இறங்குங்கள். மாற்றி மாற்றிச் செய்தால் கோடு நெளியும்.

நேர்க்கோடு யாருக்கும் வரும். சிக்கல் கிளையில்தான். தீப உருவத்தின் தண்டில் ஏறும்போது பக்கவாட்டில் ஒரு கிளை பிரிகிறதா, அதன் நுனிவரை போய், நிரப்பிக்கொண்டே தண்டுக்குத் திரும்பி, பிறகு மேலே ஏறுங்கள். வருகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாலும் தப்பில்லை, ஆனால் மறந்துபோகும். ஒரு நுனியிலிருந்து அடுத்த நுனிக்குத் தாவுவதுதான் கூடவே கூடாது. பின்பக்கம் நூல் குறுக்கே ஓடும். துளைக்குத் துளை ஊசி பக்கம் மாறிக்கொண்டே இருந்தால் போகிற வழி சரி.

முடிவில் நூல் வாலை, ஏற்கெனவே போட்ட தையல்களுக்கு அடியிலேயே நாலைந்து முறை நுழைத்து ஒட்ட நறுக்குங்கள். கிளை நடுவில் நூல் தீராதபடி முன்பே அளந்துகொள்வது நல்லது.

பின்சேர்க்கை: சின்னச் சதுரம் பாதிதான் வருகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான்கு தையல் சதுரத்தை ஒரு சுற்று சுற்றினால் எதிரெதிர் இரண்டு பக்கம்தான் மேலே தெரியும். அதே திசையில் மறுபடி சுற்றினால் நூல் மேல் நூல்தான் விழும். வந்த வழியே பின்னோக்கிப் போங்கள், மீதி இரண்டும் வந்துவிடும்.