சித்திரையில் மல்லிகை பூக்கக் கார்த்திகையிலேயே தொடங்க வேண்டிய வேலைகள்

இளவேனில் என்று நாம் சொல்லும் சித்திரையும் வைகாசியும் தமிழ்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் குண்டுமல்லிக்கு உரிய மாதங்கள். மாசிக் கடைசியிலேயே அரும்பு கட்டத் தொடங்கும் செடி, நன்றாகப் பராமரித்தால் ஆனி வரை விட்டுவிட்டுப் பூத்துக்கொண்டே இருக்கும். ஆனாலும் "செடி நன்றாகத் தழைத்திருக்கிறது, பூவைத்தான் காணோம்" என்ற குறையைத்தான் ஒவ்வோர் ஆண்டும் பங்குனியில் அதிகம் கேட்கிறேன். பெரும்பாலும் அதற்குக் காரணம், நான்கு மாதங்களுக்கு முன்பு செய்யாமல் விட்ட கவாத்துதான், அதாவது கிளைகளை வெட்டிவிடும் வேலைதான்.

மல்லிகை புதிதாகத் துளிர்க்கும் கிளைகளில்தான் அரும்பு வைக்கும். பழைய கிளைகளை அப்படியே விட்டுவிட்டால் செடி கொடி போல நீண்டு, நுனியில் மட்டும் இரண்டொரு பூவைக் காட்டும். எனவே நவம்பர் கடைசி வாரத்தில், அதாவது கார்த்திகை நடுவில், மழை சற்று ஓய்ந்திருக்கும் நாளாகப் பார்த்து, செடியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். காய்ந்த குச்சிகளையும், நோயுற்ற கிளைகளையும், ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் அடியோடு நீக்கி, மீந்திருக்கும் இலைகளையும் உருவிவிட வேண்டும். வெட்டிய செடி வெறும் குச்சியாக நிற்பதைப் பார்க்க மனம் கேட்காது. நானும் முதல் இரண்டு ஆண்டுகள் கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டு போய், நுனியை மட்டும் கிள்ளிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அந்த இரண்டு சித்திரையிலும் பூ ஒரு முழம் கட்டக்கூடத் தேறவில்லை. முல்லைக்குக் கவாத்துக் காலம் ஜனவரிக் கடைசி என்பதால், இரண்டையும் சேர்த்து ஒரே நாளில் வெட்டிவிடக் கூடாது.

கவாத்து முடிந்ததும் செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்ணை லேசாகக் கொத்தி, தரையில் நிற்கும் வளர்ந்த செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரமும் இரண்டு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் இட்டு மண் மூடி நீர் பாய்ச்ச வேண்டும். தொட்டிச் செடிக்கு மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை மண்புழு உரத்தால் நிரப்பினால் போதும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படாத இடத்தில் எவ்வளவு உரமிட்டாலும் இலைதான் வரும்.

பங்குனியில் அரும்பு தெரியத் தொடங்கியதும் தினமும் காலையில் ஐந்து நிமிடமாவது செடியருகில் நின்று பாருங்கள். வெண்மையாகத் திரள வேண்டிய அரும்பு ஊதா நிறமேறி, அதன் பக்கவாட்டில் குண்டூசி குத்தியது போன்ற துளையும் இருந்தால், உள்ளே மொட்டுப்புழு இருக்கிறது என்று பொருள். ஒரு புழு பக்கத்து அரும்புகளையும் குடைந்துவிடும் என்பதால், அத்தகைய கொத்தை உடனே கிள்ளி, செடியடியில் போடாமல் சோப்புநீரில் போட்டு அழித்துவிட வேண்டும். பிறகு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிதளவு சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு வாரம் ஒருமுறை தெளிக்கலாம். இலையின் அடிப்புறத்தில் நூலாம்படை போலப் படர்ந்து, இலை மேலே வெளிறியிருந்தால் அது செஞ்சிலந்தி. தொடக்கத்திலேயே அடிப்புறத்தில் படும்படி நீரைப் பீய்ச்சி அடித்தால் பெருமளவு அடங்கிவிடும். நரம்பு பச்சையாக இருந்து, இளம் இலை மட்டும் மஞ்சளாவது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து இலைகளில் தெளித்தால் துளிர் மீண்டும் பச்சையாகும்.

மொட்டை மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள், சித்திரையில் தளத்தின் சூடு வேரைத் தாக்காதபடி தொட்டிகளைச் செங்கல் மீது ஏற்றி, மேல்மண்ணைத் தென்னை நாரால் மூடிவிட வேண்டும். காலை எட்டு மணிக்குள் நீர் ஊற்றிவிடுங்கள்.

இதே நாட்களில் முற்றத்து வேம்பும் பூத்திருக்கும். இரவே மரத்தடியைப் பெருக்கி ஒரு வேட்டியை விரித்து வைத்தால், விடியற்காலையில் உதிர்ந்திருக்கும் பூவை மண்ணில்லாமல் அள்ளலாம். காம்பு, இலை பொறுக்கி நிழலில் உலர்த்தினால் ஆண்டு முழுவதும் ரசத்துக்கு ஆகும்.

மல்லிகை அரும்பை விடியலில் பறிப்பது நல்லது. நன்றாகத் திரண்டு, வெளுத்து, இன்னும் இதழ் விரியாத அரும்பாகப் பார்த்துப் பறித்து, நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி வைத்தால் மாலையில் கட்டும்போது மலரத் தொடங்கும். ஒரு கொத்து பூத்து முடிந்தவுடன், அதற்குக் கீழே இரண்டு கணு விட்டு நுனியை வெட்டிவிடுங்கள். அந்தக் கணுக்களிலிருந்து வரும் துளிரில்தான் அடுத்த அரும்பு வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கடலைப்பிண்ணாக்கை ஊறவைத்துப் பத்து மடங்கு நீர் கலந்து ஊற்றி வந்தால், ஆனி வரை பூ சிறுக்காது. ஆனி முடிவில் இன்னொரு முறை தொழுவுரம் வைத்துவிட்டால், அடுத்த கார்த்திகை வரை செடிக்கு நீரும் களையெடுப்பும் மட்டுமே போதும்.