பனிக்கட்டிக்கு அடியில் மூச்சுமுட்டிய கிரீன்

கொலராடோ மலையில், 9,000 அடிக்கு மேலே உள்ள கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்பு என் வேலை. பனி எவ்வளவு கொட்டினாலும் பயமில்லை, அது புல்லுக்குப் போர்வை மாதிரி. ஆனால் அந்த பிப்ரவரியில் பகலில் உருகி இரவில் உறைந்து, ஏழாவது கிரீன் (பந்தை விழவைக்கும் குழியைச் சுற்றி, புல்லை மிகக் குட்டையாக வெட்டி வைத்திருக்கும் இடம்) மேல் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி படிந்துவிட்டது. அடியில் காற்றே போகாது. போவா அன்னுவா என்ற புல் அப்படி 45 முதல் 60 நாள்தான் தாங்கும், கிரீனில் வளர்க்கும் இன்னொரு வகையான பென்ட் புல் அதைவிட அதிக நாள் தாங்கும். எங்களுக்கு 40 நாள் ஆகிவிட்டது.

பனிக்கட்டியை உடைத்தால் புல்லின் குருத்தும் சேர்ந்து போய்விடும், அதனால் மேல்பனியை மட்டும் தள்ளிவிட்டு, வெயிலை இழுக்கும் கறுப்பு மணலை மெல்லியதாகத் தூவினோம். முக்கியமான விஷயம், உருகும் தண்ணீர் வெளியேற ஓரத்துப் பனியில் வாய்க்கால் வெட்ட வேண்டும், இல்லையென்றால் இரவில் அதுவே திரும்ப உறையும். நான்கு நாளில் தரை தெரிந்தது.

அப்புறம் புல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, நாலைந்து இடத்தில் புல்லை மண்ணோடு வெட்டி எடுத்து அறை ஜன்னலோரம் வைத்தேன். பத்து நாளில் பெரும்பாலும் துளிர்த்தது, பள்ளத்திலிருந்து எடுத்த ஒன்று மட்டும் துளிர்க்கவே இல்லை. அந்த இடத்துக்கு இப்போதே பென்ட் விதை வாங்கி வைத்துவிட்டேன், மண் சூடேறியதும் தூவ வேண்டும்.